ஊமைக்கோட்டானும் ரேடியோவும்

அச்சகத்தில் அவளை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. காலை ஒன்பதரைக்கு வாயைத் திறந்தால் மாலை ஐந்தரைக்குத்தான் மூடுவாள். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி, தேநீருக்குப் பத்து நிமிஷம். வம்பளக்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம், அதுதான் அவளுடைய வேலை. எழுதியவர்கள் கொடுத்த கையெழுத்துப் படியை அவள் உரக்கப் படிப்பாள். எதிரே புரூஃப் பார்க்கிறவர் உட்கார்ந்து, கம்போஸ் செய்து வந்த தாளில் வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டே வருவார். அவள் படித்தது தாளில் இல்லையென்றால் கம்போஸ் செய்தவன் விட்டுவிட்டான் என்று அர்த்தம். உடனே ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிச் சேர்த்துவிடுவார்.

படிப்பது என்றால் நீங்களும் நானும் படிக்கிற மாதிரி இல்லை. கமா வந்தால் கமா என்று சொல்ல வேண்டும், வாக்கியம் முடிந்தால் புள்ளி, பத்தி மாறினால் பாரா. "அவள் கதறி அழுதாள் புள்ளி பாரா" என்று படித்தால் யாருக்குத்தான் அழுகை வரும்? இருபத்திரண்டு வருஷத்தில் ரேடியோவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. சட்டப் புத்தகம், சங்கத்தின் ஆண்டறிக்கை, பாடநூல், காதல் கதை எல்லாம் அவளுக்கு ஒரே சுருதிதான். வீட்டில்கூடப் பழக்கதோஷத்தில் "சாப்பிட வாங்க, புள்ளி" என்று வாயில் வந்துவிடும். கணவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவராக இருந்தவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து இரண்டு வருஷமாக ஜன்னலோரத்து நாற்காலிதான் அவருக்கு உலகம். பிள்ளை குட்டி கிடையாது. வெளியே நடப்பதை எல்லாம் ரேடியோ கொண்டுவந்து கொட்டினால்தான் அவருக்குப் பொழுது நகரும்.

புரூஃப் பார்க்கிறவரைக் கமா சார் என்பார்கள். ஒரு கமாவுக்காகக் கம்போஸ் பையனோடு அரை நாள் மல்லுக்கு நிற்கிறவர் என்பதால் வந்த பெயர். அறுபத்தேழு வயது. மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் இருக்கிற அறையில் பதினெட்டு வருஷமாக இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அந்த அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். கமா சாருக்கு எழுத்துதான் கண்ணில் படும், கதை காதில் ஏறாது. கல்யாணப் பத்திரிகையும் மரண அறிவிப்பும் அவருக்கு ஒன்றுதான். ஒரு வருஷமாகக் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்ததால் பூதக்கண்ணாடி இல்லாமல் அவரால் முடியவில்லை. ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு ஆள் என்று முதலாளி அவ்வப்போது முணுமுணுப்பதும் இருவருக்கும் தெரியும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் அந்த நாவல் வந்து சேர்ந்தது.

கையெழுத்தில் எழுநூறு பக்கம். அதன் நாயகன் ஒரு கிடங்குக் காப்பாளன். நல்லவன்தான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லமாட்டான். காதலித்த பெண்ணை அண்ணனுக்குப் பேசி முடிக்கிறார்கள், இவன் பந்தலுக்கு விளக்குக் கட்டுகிறான். நண்பன்மேல் திருட்டுப் பழி விழுகிறது, உண்மை தெரிந்த இவன் செருப்பைத் தேடுகிறான். ஒவ்வொரு அத்தியாயத்திலும் வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கிவிட்டு, "நாளைக்குச் சொல்லலாம்" என்று நினைத்துக்கொள்கிறான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவனுக்கு வாய் இருந்தது, அதைச் சாப்பிடுவதற்கு மட்டும் வைத்திருந்தான்.

முதல் வாரம் ரேடியோ கமாவும் புள்ளியுமாகப் படித்துத் தள்ளினாள். இரண்டாவது வாரம் பக்கத்தைப் புரட்டும்போது கை கொஞ்சம் வேகமாகப் போயிற்று. மூன்றாவது வாரம் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்துவிட்டாள். சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே அன்றைய கதையைக் கணவரிடம் சொன்னாள். அவரும் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் தினமும் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் நாற்காலியிலிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"இன்னைக்காவது சொன்னானா?"

"எங்கே சொல்றான். நாளைக்காம்."

"என்கிட்ட அனுப்பு அவனை. ரெண்டு தட்டு தட்டினா தன்னால வந்துடும்."

சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். ஆனால் ரேடியோவுக்கு உள்ளுக்குள் எரிந்தது. பேருந்தில் நின்றுகொண்டு வரும்போதுகூட அவனோடு மனசுக்குள் சண்டை போட்டாள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் அவள் சொல்லாமல் விட்டவை, அவள் பங்கு நிலத்தைத் தம்பி எழுதி வாங்கியபோது பேனாவை நீட்டியதும் கையெழுத்துப் போட்டது எல்லாம் நினைவுக்கு வந்தன. அதை எல்லாம் அவள் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். நாளெல்லாம் அடுத்தவர் எழுதியதையே உரக்கப் படிக்கிறவளுக்குத் தன் பேச்சு என்று ஒன்று எப்போது வாயில் வந்தது என்று யோசித்தால், அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாவது வாரம் பாகப்பிரிவினை அத்தியாயம் வந்தது. அண்ணன்மார் வீட்டைப் பங்கு போடுகிறார்கள். அம்மாவைத் தூரத்து ஊரில் இருக்கிற முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாக முடிவாகிறது. அம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைக்குட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அம்மா என்னோடு இருக்கட்டும்" என்று அவன் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அத்தை ஒருத்தி அவன் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். அவன் தலையைக் குனிந்து சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருக்கிறான்.

ரேடியோ அதைப் படித்தாள். "பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான் புள்ளி." அடுத்த வரிக்குக் கண் போவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்டா, பாவி. பெத்தவ போறா பாரு. புள்ளி."

ஆமாம், கடைசியில் புள்ளியும் வைத்தாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் நாக்கைவிட்டு எங்கே போகும்? எதிரே கமா சார் பூதக்கண்ணாடியை நகர்த்திப் பார்த்தார். அந்த வரி தாளில் இல்லை. அத்தை திட்டுகிறாள் போலிருக்கிறது, கம்போஸ் பையன் வழக்கம்போல் முழுங்கிவிட்டான் என்று எண்ணி, ஓரத்தில் சிவப்பு மையால் அழகாக எழுதிச் சேர்த்தார். ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அவர் எழுதியதை அவள் கவனிக்கவில்லை. தான் சொன்னது எழுத்தாகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நாவல் முடிந்தது. கடைசிப் பக்கத்திலும் ஊமைக்கோட்டான் சொல்லவில்லை. முதியோர் இல்லத்து வாசல் வரைக்கும் போய்விட்டு, நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பி நடந்தான். அன்று கணவர் அந்த எழுத்தாளரை வாயார வைதார். ரேடியோ சரியாகச் சாப்பிடவில்லை.

எழுத்தாளரும் லேசுப்பட்டவரில்லை. அவசரத்தில் கடைசிப் புரூஃபைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆயிரம் பிரதி அச்சானதும், வெளியீட்டுக் கூட்டத்தில் பாகப்பிரிவினை அத்தியாயத்தைத் தானே எடுத்து வாசித்தார். தான் எழுதாத வரி ஒன்று தன் வாயிலிருந்தே வருவதை அப்போதுதான் கேட்டார். போதாக்குறைக்கு அந்த வரிக்கு மட்டும் கூட்டம் கை தட்டியது. மனுஷனுக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் முதலாளி இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் புத்தகமும் கையெழுத்துப் படியும் பழைய புரூஃப் தாளும் விரித்துக் கிடந்தன. படியில் அந்த வரி இல்லை. தாளில் கமா சாரின் சிவப்பு மையில் இருந்தது. ரேடியோ அதைப் பார்த்தாள். தன்னுடைய சொற்களைத் தனக்கு அடையாளம் தெரியாதா?

இது எங்கிருந்து வந்தது என்று முதலாளி கேட்டார். கமா சார் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தாளைத் தாழ்த்திவிட்டு ரேடியோவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அவள் பேசுவாள் என்று காத்திருந்தார், அவ்வளவுதான்.

ரேடியோவுக்கு அந்த நேரத்தில் என்னென்ன தோன்றியது என்று கேட்டால், நாற்காலியில் இருக்கிற கணவர் தோன்றினார். ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு ஆள் என்ற முணுமுணுப்பு தோன்றியது. சாருக்கு மகன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள், நமக்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. எல்லாம் நியாயம்தான். நியாயத்துக்கு என்ன பஞ்சம், தேடுகிறவனுக்குக் கூடை கூடையாகக் கிடைக்கும்.

கமா சார் தொண்டையைச் செருமினார். "என் கையெழுத்துதான் சார். கண்ணு முன்ன மாதிரி இல்லை. வேற எங்கேயோ இருந்ததை இங்கே எழுதிட்டேன் போலிருக்கு."

முதலாளி ரேடியோ பக்கம் திரும்பினார். "நீதானே படிச்சே. நீ என்ன சொல்றே?"

"படியில இருந்ததைத்தான் சார் படிச்சேன்."

ஊமைக்கோட்டானாவது சும்மா இருந்தான். இவள் வாயைத் திறந்து பொய் சொன்னாள். எந்த வாயால் அவனை வாரக்கணக்கில் திட்டினாளோ அதே வாயால் சொன்னாள்.

கமா சார் அந்த வாரத்தோடு நின்றார். பூதக்கண்ணாடியையும் இரண்டு சிவப்புப் பேனாவையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கணினித் திரையைப் பார்த்துத் தனியாகவே படித்துத் திருத்தினாள். அவளுக்குப் படிக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. ரேடியோவைப் பின்கட்டுக்கு, பைண்டிங் பகுதிக்கு மாற்றினார்கள். எந்த நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னாளோ, மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த நாற்காலியும் போயிற்று.

அங்கே முதல் வேலை என்ன தெரியுமா? அந்த ஆயிரம் பிரதியிலும் அந்த வரியின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டுவது. விரல் அகலம்கூட இல்லாத வெள்ளைத் தாள். பசையைத் தடவி, வரிமேல் வைத்து, துணியால் அழுத்த வேண்டும். பெத்தவ போறா பாரு, அழுத்து. வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்டா, அழுத்து. ஒன்பது நாள் ஒட்டினாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்தது. அட்டை மடங்கிப்போன பிரதி ஒன்றை ஒட்டாமல் ஒதுக்கி வைத்தாள். கழித்த புத்தகத்தை வேண்டுமானால் எடுத்துப் போகலாம் என்று மேஸ்திரி சொன்னதால் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அதுவரை கணவரிடம் அவள் சொன்னது, சாருக்குக் கண் சரியில்லாமல் நின்றுவிட்டார் என்பதுதான். அன்று புத்தகத்தைக் கண்டதும் அவர் ஆசையாக வாங்கிப் புரட்டினார். பாகப்பிரிவினைக்கு வந்து நின்றார். அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அது யார் குரல் என்று தெரியாதா? சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று இத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததை அவள் அப்போது முழுவதும் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போது நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"இன்னைக்காவது சொன்னியா?"

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் ரேடியோவுக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கமா சார் வீட்டுக்குப் போனாள். மகனின் மூன்றாவது மாடி வீட்டில், துணி துவைக்கிற இயந்திரம் இருக்கிற அறையில் அவருக்கு ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார். படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் குரலைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கையில் என்ன புத்தகம் என்று கேட்டார். சொன்னாள்.

"ஏம்மா, இத்தனை வருஷத்துல ஒரு கதைகூட நான் கேட்டதில்லை. எழுத்தைத்தான் பார்த்தேன். நீங்க அந்த ஆள்மேல அவ்வளவு கோபப்பட்டீங்களே, அப்படி என்னதான் பண்ணினான்? படிங்களேன். கமா புள்ளி எல்லாம் வேண்டாம்."

சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவள் படித்தாள். கமா இல்லாமல் படிப்பது முதலில் கையைக் கட்டிப்போட்டு நடக்கச் சொன்னது போல் இருந்தது, போகப்போகச் சரியாயிற்று. அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். கமா சார் சின்னப் பிள்ளை மாதிரி "ம்" கொட்டிக் கேட்டார். திரும்பி வரும்போதெல்லாம் கணவர் கேட்பார், சொன்னியா என்று. அடுத்த வாரம் என்பாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐந்தாவது ஞாயிறு பாகப்பிரிவினை வந்தது. அவள் குரல் இறங்கிப் போயிற்று. சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான் என்பது வரைக்கும் படித்தாள். அடுத்த வரியை விட்டுவிட்டு அதற்கடுத்த வரிக்குத் தாவினாள்.

"ஒரு வரியை விட்டுட்டீங்களே" என்றார் கமா சார்.

துணி இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியோ புத்தகத்தைப் பார்த்தாள். ஒட்டுத்தாள் இல்லாத ஒரே பிரதி.

"அது நான் சொன்னது சார். புத்தகத்துல இருந்தது இல்லை. நான்தான் சொன்னேன். புள்ளியும் வெச்சேன்."

"தெரியும்மா. தாளைப் பார்த்த உடனேயே தெரிஞ்சிடுச்சு. அது உங்க குரல்தானே." அவர் தலையணையைச் சரி செய்துகொண்டார். "அந்த வரி நல்லாத்தான் இருந்துச்சு. மேலே படிங்க."

அன்று வீட்டுக்கு வந்து, கேட்பதற்கு முன்பே, சொல்லிவிட்டேன் என்றாள். கணவர் முகம் மலர்ந்தது. யாரிடம் என்று கேட்டார். சாரிடம் என்றாள்.

"அவருக்குத்தான் முன்னாடியே தெரியுமே" என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை ரேடியோ பைண்டிங் பகுதிக்குப் போகவில்லை. நேராகக் கண்ணாடி அறைக்குப் போய் நின்றாள். முதலாளி யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும் வரைக்கும் நின்றாள். அப்புறம் முழுவதையும் சொன்னாள். வரி அவளுடையது, புள்ளி அவளுடையது, அன்று சொன்னது பொய், சார்மேல் தப்பு இல்லை. சாரைத் திரும்பக் கூப்பிட வேண்டும், இன்னொரு கண்ணும் சரியாகிவிட்டால் அவரைப் போல் புரூஃப் பார்க்க ஆள் கிடையாது என்றும் சொன்னாள். இத்தனை நீளமாக, யாரும் எழுதிக் கொடுக்காமல், அவள் வாழ்க்கையில் பேசியதே இல்லை. என்ன வந்தாலும் வரட்டும் என்று நின்றாள்.

முதலாளி கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டினார்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னம்மா? நாலு திட்டு திட்டிட்டு, ஒட்டுத்தாள் ஒட்டுங்கன்னு சொல்லியிருப்பேன். வாய் தவறி வர்றது யாருக்கும் நடக்கறதுதான். கண்ணு தெரியலைன்னு அவரே ஒத்துக்கிட்டப்புறம், புரூஃப் பார்க்கிறவரை நான் எப்படி வெச்சுக்க முடியும்? அதுக்குத்தானே அனுப்பினேன்."

அவர் இடத்துக்குத்தான் ஆள் வந்தாயிற்றே, போய் வேலையைப் பாரு என்றும் சொன்னார். தொலைபேசி மறுபடி அடித்தது. அவர் எடுத்துக்கொண்டார்.

ரேடியோ பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். மடிக்க வேண்டிய தாள் ஒரு கட்டு வந்திருந்தது. நாலு திட்டு. அவ்வளவுதான் இருந்திருக்கிறது அதில். நாலு திட்டுக்குப் பயந்து பதினெட்டு வருஷத்து மனுஷரைத் துணி துவைக்கிற அறைக்கு அனுப்பிவிட்டாள். அவள் மடித்த தாளில் பாதியை மேஸ்திரி மறுபடி மடிக்கச் சொன்னார்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது கணவர் கேட்டார்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"முதலாளிகிட்டயா?"

"ம்."

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எம்பி உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை. "பரவாயில்லையே, சொல்லிட்டே. சரி, அவர் என்ன சொன்னாரு?"

ரேடியோ காய்க் கூடையை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். கத்தியை எடுத்தாள். வாய் வரைக்கும் வந்தது.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.